எட்டரை மணி ஃபைனல்

ஆஸிஃபாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காலை ஏழு மணிக்கே இரண்டு காதும் சிவந்து கிடந்தன. காரணம், சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை.

மரக்காணத்தில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அது. ஆறரைக்குப் பெண்களுக்கான பத்து கிலோமீட்டர் ஓட்டம், எட்டரைக்குக் கபடி ஃபைனல். இடையில் வேண்டிய நேரம் இருக்கிறது என்று நம்பித்தான் இலக்கியா இரண்டிலும் பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் வீட்டை விட்டே கிளம்பவில்லையாம். ஒருவழியாக அவர் வந்து, சால்வை போர்த்திக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று இருபது நிமிஷம் பேசி முடித்து, ஓட்டம் தொடங்கியபோது மணி எட்டு பத்து.

ஆஸிஃபா திண்டிவனம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கபடி கேப்டன். மூன்றாம் வருடம். போன வருடமும் ஃபைனலில் தோல்வி, அதற்கு முந்தின வருடமும் தோல்வி. வருகிற மே மாதம் படிப்பு முடிகிறது, கூடவே கபடியும் முடிகிறது. வீட்டில் யாரும் ஆடாதே என்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு, சேர்ந்து ஆட ஆறு பெண்களை எங்கே போய்த் தேடுவது? ஆகவே இதுதான் அவளுக்குக் கடைசி மேட்ச். அந்தக் கோப்பையை ஒரு தடவையாவது கையில் தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துப் போயிருந்தாள்.

அதற்கு இலக்கியா வேண்டும். கிளியனூர்க்காரி, இரண்டாம் வருடம், பார்க்கக் குச்சி மாதிரி இருப்பாள். பாடிக்கொண்டு எதிராளி பக்கம் போனால் மட்டும் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். அவளை வைத்துக் கல்லூரியில் ஒரு பஞ்சாயத்தே நடந்துகொண்டிருந்தது.

"ஓடி ஓடி எலும்பாயிட்டா. இவள எவ வேணா அலேக்கா தூக்கிப் போட்டுடுவா" என்பார் கபடிப் பயிற்சி தரும் பஞ்சநாதன் சார்.

"கபடில முட்டி போச்சுன்னா யாருங்க பொறுப்பு?" என்பார் ஓட்டம் பார்க்கும் ஜெயா மேடம்.

சார் நாலு முட்டை சாப்பிடச் சொன்னால் மேடம் இரண்டு போதும் என்பார். உடம்பு விஷயமாவது பரவாயில்லை, பெரிய சிக்கல் மூச்சு. ஓடுகிறவள் மூச்சைத் தாராளமாக விட்டு விட்டு வாங்க வேண்டும். பாடுகிறவளோ ஒரே மூச்சைக் கஞ்சத்தனமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நெஞ்சுக்கு எப்படிப் பழக்குவது? இலக்கியா இரண்டு பேரிடமும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, காலையில் ஓடினாள், சாயங்காலம் பாடினாள்.

ஆஸிஃபா சார் கட்சி. இலக்கியா ஓடி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது, ஓட்டம்தானே?

"சார், வண்டிச் சாவி குடுங்க" என்றாள்.

"இப்ப எங்கம்மா போற?"

"அவள இட்டுனு வரேன். ஓட்டத்த பாதியில நிறுத்தி ஏத்திக்கறேன்."

சார் சாவியை நீட்டினார்.

ஓட்டப் பாதை உப்பளத்துக்கு நடுவே நீண்டு போகும் மண் கரை. பாத்திகளில் உப்பு பூக்கத் தொடங்கியிருந்த நேரம். இரண்டு பக்கமும் வெள்ளை, மேலே வெயில், கண்ணைத் திறக்க முடியவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போன ஆஸிஃபா, மூச்சிரைத்துக்கொண்டு வந்த கூட்டத்தை எல்லாம் தாண்டினாள். மூன்றாவது கிலோமீட்டரில் முன்னால் இரண்டே பேர். முதலில் பச்சை பனியன் போட்ட சென்னைக்காரி. முப்பதடி பின்னால் இலக்கியா.

ஆஸிஃபா வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனாள். இலக்கியா திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் கரையின் நடுவிலிருந்து விலகி, வண்டியை ஒட்டி ஓரமாக வந்து ஓடினாள்.

'ஏறுடி' என்ற வார்த்தை ஆஸிஃபாவின் நாக்கு நுனியில் இருந்தது.

வண்டியின் வேக முள் பதினைந்தில் நின்றது. அது கொஞ்சமும் அசையவில்லை. இந்தப் பெண் இயந்திரத்தோடு இயந்திரமாக ஓடிக்கொண்டிருந்தாள். கால் மண்ணில் படும் சத்தமே இல்லை. முகத்தில் ஒரு கஷ்டம் இல்லை. ஹாஸ்டல் மாடிக்கு ஒரு பக்கெட் தண்ணீர் தூக்க முனகுகிற அதே இலக்கியாவா? தினமும் சாயங்காலம் தன் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவளுக்குள் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், இரண்டு வருடமாகத் தனக்குத் தெரியாமல் போயிற்றே! ஆஸிஃபாவுக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. பிரமிப்பு வந்தால் பொறாமைப்படக்கூட மறந்துபோகும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"மாஷா அல்லாஹ்" என்று முணுமுணுத்தாள். பிறகு சத்தமாக, "முன்னாடி போறவளுக்குத் தோள் ஆடுதுடி. மூச்சு தீந்துட்டு இருக்குது. போ!" என்றாள்.

இலக்கியா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனாள்.

ஆஸிஃபா வண்டியை நிறுத்திவிட்டு, அவள் உருவம் வெயிலில் கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது, உன் தங்கச்சியா?" என்று பாத்தியிலிருந்து ஒரு அம்மா கேட்டார்.

"எங்க டீமுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள் ஆஸிஃபா.

திரும்பி வந்தவளைப் பார்த்து பஞ்சநாதன் சார் எகிறினார். "எங்க அவ? இட்டுனு வரேன்னுதான போன?"

"ஓடிட்டு இருக்கா சார். வர மாட்டா."

எட்டரைக்கு விசில் ஊதிவிட்டார்கள். முக்கிய ரெய்டர் இல்லாத அணி என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பாதி ஆட்டத்தில் ஒன்பதுக்குப் பதினாறு. இடது கார்னரில் நின்ற ஆஸிஃபா தன் பங்குக்கு விழுந்து புரண்டு பிடித்தாள். ஆனால் பிடித்துக்கொண்டே இருந்தால் போதுமா, போய் எடுத்து வர ஆள் வேண்டாமா?

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இலக்கியா வந்தாள். முழங்கால் வரைக்கும் உப்பளத்துப் புழுதி படிந்திருந்தது. ஓட்டத்தில் முதலாவதாக வந்துவிட்டாள் என்று ஜெயா மேடம் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

"உள்ள அனுப்பு, ரெய்டு போகட்டும்" என்றார் சார்.

ஆஸிஃபா டைம் அவுட் கேட்டாள். "பாடுடி பாப்போம்."

"கபடி கபடி கபடி கப..." அவ்வளவுதான். மூச்சு அறுந்துவிட்டது.

"சார், இவ பாட வேணாம். என் பக்கத்துல நின்னு பிடிக்கட்டும். பிடிக்கறதுக்கு மூச்சு எதுக்கு?"

"அவளுக்குப் பிடிக்கத் தெரியாதேம்மா!"

"நான் கைய இழுத்தா விழு. கணுக்கால விட்டுடாத. அவ்ளோதான்" என்றாள் ஆஸிஃபா இலக்கியாவிடம்.

இரண்டு பேரும் கை கோர்த்து நின்றார்கள். எதிரணியின் நெட்டைப் பெண் பாடிக்கொண்டு வந்தாள். ஆஸிஃபா கையை இழுத்தாள், இலக்கியா விழுந்தாள். நெட்டை அவளைத் தரதரவென்று கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். பத்து கிலோமீட்டர் ஓடி வந்த உடம்பு, ஆனாலும் பிடித்த கை விடவில்லை. அடுத்தடுத்து மூன்று பிடி. சார் கத்துவதையே மறந்துவிட்டார். தன்னோடு கை கோர்த்திருப்பது மனுஷிதானா என்று ஆஸிஃபா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அதைப் பார்த்து அணியில் மற்றவர்களுக்கும் வேகம் பிறந்து, புள்ளி ஏறி, இருபத்திரண்டுக்கு இருபத்து மூன்று என்று வந்து நின்றது. இனி ஒரே ஒரு ரெய்டுதான் பாக்கி. இலக்கியாவுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, எழுந்து நிற்கவே முடியவில்லை. மூன்று வருடமாகக் கார்னரை விட்டு நகராத ஆஸிஃபா தானே பாடிக்கொண்டு போனாள். ஒருத்தியைத் தொட்டும் விட்டாள். திரும்பி ஓடி வரும்போது நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அவள் நீட்டிய கைக்கும் நடுக்கோட்டுக்கும் ஒரு சாண் இருந்தது.

விசில் ஊதியது. கோப்பை போயிற்று.

எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் மண்ணிலேயே கிடந்தாள். இலக்கியா நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உப்பளத்துல என்ன ஏறச் சொல்லத்தான வந்தீங்க?"

ஆஸிஃபா எழுந்து உட்கார்ந்து முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"சொல்லியிருந்தா ஏறியிருப்பேங்க்கா. உங்களுக்கு இது கடைசி மேட்ச்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் ஓரமா வந்து ஓடுனேன்."

"எனக்கும் தெரியும்டி" என்றாள் ஆஸிஃபா. "சொன்னா ஏறிடுவன்னு தெரியும். அதான் சொல்லல."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். தோற்றதற்காகத்தான் அழுதாள். ஆனால் அந்தக் கரையில் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தினாலும், அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வராது.