ரசீதின் பின்பக்கம்

2006 ஜூன் 15, வியாழக்கிழமை. பாகலூர்ப் பக்கத்து நாற்பது குடும்பங்களுக்கு உரிய ஒரு வேகன் விதை உருளைக்கிழங்கு, உரியவர் ரசீதோடு சாளரத்தின் முன் நின்றும், ஓசூரில் மூன்று நாள் திறக்கப்படாமல் கிடந்தது. இதுவே என் புகார். குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியனான என்னை ஒரு தனியார் சரக்கு முகவர் அலுவலகத்தார் ஏப்ரலில் பணியில் அமர்த்தினர். வெளியூரில் சரக்கு ஏற்றப்பட்டதும் ரயில்வே ரசீதின் விவரங்கள் மின்னஞ்சலில் வந்துவிடும். கணினி அவற்றைத் தானே படித்து, எந்த வேகனை யாருக்காகத் திறப்பது என்னும் பட்டியலை ஆக்க வேண்டும். அதற்கான நிரலை அமைக்க மோகனப்ரியா என்னும் பெண் வந்திருந்தாள். எந்தெந்தக் கட்டங்கள் வேண்டும் என்று அவளுக்குச் சொல்வதும், பெயர்களைச் சரிபார்ப்பதும், சாளரத்தில் அமர்ந்து பதில் கூறுவதும் என் பணி.

அந்நாள்கள் எனக்குக் கனவிலேயே கழிந்தன. மத்திகிரியிலிருந்து நகரப் பேருந்தில் வந்து இறங்கும்போது தண்டவாளங்கள் காலை மூட்டத்துக்குள் பாதியில் மறைந்திருக்கும். உள்ளே, திரையில் வேகன் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓசையின்றி இறங்கும். நான் அறியாத ஏதோ ஓர் ஆற்றுப்பாலத்தின்மேல் அந்த எண்ணுடைய வண்டி அந்நேரம் ஊர்ந்துகொண்டிருக்கும். எண் முதலில் வந்துவிடும். இரும்பு எட்டு நாள் கழித்து வரும். நிழல் முன்னால் வந்து அமர்ந்து தன் ஆளுக்காகக் காத்திருப்பதுபோல.

ஒரு நாள் மோகனப்ரியா கேட்டாள்: "சார், ரசீதோட பின்பக்கம் ஏதாவது எழுதுவாங்களா? ஆள் ரசீதைக் கொண்டு வந்ததும் பாத்து நிரப்புற மாதிரி அதுக்கும் ஒரு கட்டம் போட்டுடவா?"

விடைத்தாளின் பின்னட்டையில் எழுதியதற்கு முப்பத்தோராண்டில் ஒருமுறைகூட நான் மதிப்பெண் இட்டதில்லை.

"ஆவணம் என்பது முன்பக்கம், அம்மா. பின்னால் இருப்பது கிறுக்கல்."

"கன்ஃபர்மா சார்? அப்புறம் மாத்தச் சொல்லக் கூடாது."

"எழுத்திலேயே தருகிறேன்."

தேநீர்க் குவளையோடு நின்றிருந்த சரக்கு இறக்கும் மேற்பார்வையாளர் அண்ணாதுரை குறுக்கிட்டார். "வாத்தியாரே, நாங்க மொதல்ல முதுகத்தான் பாப்போம்."

"மாடு வாங்கும்போது பாருங்கள்" என்றேன். மோகனப்ரியா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

அண்ணாதுரை கூறவந்தது எல்லாம் முடிந்த பின்னர்தான் விளங்கிற்று. வடக்கே சரக்கு ஏற்றும் வியாபாரி, பெறுநர் என்னும் இடத்திலும் தன் பெயரையே எழுதிவிடுவார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்பனை முடியும். முடிந்ததும் ரசீதின் பின்பக்கத்தில் வாங்குபவர் பெயரை எழுதிக் கையொப்பமிட்டுத் தபாலில் அனுப்புவார். ஆகவே முன்பக்கத்தில் இருப்பது சரக்கு புறப்பட்ட நாளின் உண்மை. பின்பக்கத்தில் இருப்பது வந்துசேர்ந்த நாளின் உண்மை.

திங்கட்கிழமை காலை முனிலட்சுமி வந்தார். நாற்பது குடும்பங்களும் சேர்ந்து அவர் பெயரில் விதை வாங்கியிருந்தன.

"ஜலந்தர் கெழங்கு வந்துட்டுதுங்களா சாமி?"

திரையைப் பார்த்தேன். வேகன் வந்திருந்தது. பெறுநர்: ஜலந்தர் வியாபாரி. அவர் வாராமையால் கணினி அதைக் கடைசித் தண்டவாளத்துக்கு ஒதுக்கியிருந்தது.

"உங்கள் பெயர் பட்டியலில் இல்லை, அம்மா."

"காயிதத்துல இருக்குதே."

பிளாஸ்டிக் உறையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். முன்பக்கத்தை இருமுறை படித்துத் திருப்பித் தந்தேன். "இதிலும் இல்லை." அவர் எழுத்தறியாதவர். பெயர் இருக்கிறது என்று ஊரில் யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கத்தில் என்று சொல்லவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்திருக்கக்கூடிய அண்ணாதுரையோ மகள் திருமணத்துக்காக விடுப்பில் இருந்தார்.

செவ்வாயன்று மீண்டும் வந்தார். "மழை விழுந்துட்டுது சாமி. நாப்பது வீட்டுக்காரங்களும் ஏரு ஓட்டிட்டு எம் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. விதை பொட்டிக்குள்ளயே வெந்துபோனா நானு ஊருக்குள்ள எப்படிப் போறது?"

"பட்டியல் மாறினால் சொல்லியனுப்புகிறேன்."

புதன் நண்பகல். தூறல் விட்டு, வெயில் புழுங்கிற்று. எண்ணொன்றைச் சரிபார்க்கக் கடைசித் தண்டவாளம்வரை நடந்தேன். அந்த வேகனை நெருங்கியபோது உழுத வயலின் மணம் வந்தது. நின்றேன். சுற்றிலும் கருங்கல் சல்லியும் இரும்பும்தான். கதவின் இடுக்கில், வெளிச்சத்தை நோக்கி, வெளிறிய முளையொன்று நீண்டிருந்தது, அதன்கீழ் இன்னொன்று. இருட்டுக்குள் ஆயிரம் மூட்டைகளும் தம் கண்களைத் திறந்துகொண்டன என்றும், நாற்பது வயல்கள் மண்ணுக்குக் காத்திராமல் அப்பெட்டிக்குள்ளேயே விளைகின்றன என்றும் எனக்குத் தோன்றிற்று. காதை இரும்பில் வைத்தேன். சுட்டது. அந்தச் சூட்டால்தான் விழித்திருக்கிறேன் என்று அறிந்தேன்.

திரும்பி வந்தபோது முனிலட்சுமி கொட்டகை நிழலில் அமர்ந்து, அந்த ரசீதாலேயே விசிறிக்கொண்டிருந்தார். தாள் ஒருபுறம் சாயும்போது அச்செழுத்து. மறுபுறம் சாயும்போது நீலமையில் ஒரு பெயர். அச்சு, பெயர். அச்சு, பெயர். பத்துப் பன்னிரண்டு வீச்சுவரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அதை வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில், முனிலட்சுமி, பாகலூர் என்று இருந்தது.

கதவைத் திறந்தபோது அடிமூட்டைகள் கறுத்துக் கரைந்திருந்தன. மேலே உள்ளவை முளைவிட்டுத் தப்பியிருந்தன. பெயர் எங்கே இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

"ஏஞ்சாமி, காயிதத்துக்கு முதுகே இல்லைன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்களா?"



மூட்டைகளை எண்ணினோம். இருபத்தாறு குடும்பங்களுக்குத்தான் எட்டும். முனிலட்சுமி பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், நாற்பதும் ஆயிற்று.

"இப்ப பதினாலு பேரை அடிக்கணும். மொதல்ல எம் பேரை அடிங்க" என்றார்.

மூன்று நாளாக இல்லை என்று நான் சொல்லிவந்த பெயரை என் கையாலேயே எழுதி, என் கையாலேயே அடித்தேன்.

இன்று காலை, பின்பக்கத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று மேலாளரிடம் முறையிட்டேன். அரைநாள் வேலைதான் என்றாள் மோகனப்ரியா. மேலாளரோ கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என்முன் வைத்தார். "வேண்டாம்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்திருக்கீங்க?" கையொப்பம் என்னுடையதே. கட்டம் வரப்போவதில்லை.

ஆதலால் உங்களிடம் கேட்கிறேன். இங்கே சரக்கு எடுக்க வரும்போது உங்கள் ரசீதைப் பின்பக்கம் மேலாக நீட்டுங்கள். உள்ளே அமர்ந்திருப்பவர், அவர் நானேயாயினும், அதிலுள்ள பெயரை வாய்விட்டுப் படிக்கும்வரை அந்தச் சாளரத்தைவிட்டு நகராதீர்கள்.