ரொட்டிக்கு ஒரு பட்டன்

லிஃப்ட் மெக்கானிக் சாப்பிடும் முன் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்வார். சின்ன வயதில் அம்மா பழக்கியது. எத்தனை அவசர வேலை கிடந்தாலும் அதை மட்டும் விட்டதில்லை. அன்றும் கண்ணை மூடினார், நன்றி சொன்னார், கண்ணைத் திறந்து சாண்ட்விச்சின் மேல் ரொட்டியை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, தக்காளி எங்கே?"

கவுன்டருக்கு அந்தப் பக்கம் கையுறையோடு நின்றிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "உள்ளதாண்ணே இருக்கு. நல்லாப் பாருங்க."

பார்த்தார். சீஸுக்கு அடியில், பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் நிற்பதுபோல, ஒரே ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியாக எதிர்ச் சுவரின் விளம்பரப் படம் தெரிந்தது. படத்திலிருந்த சாண்ட்விச் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொழுத்துக்கொண்டே வந்தது.

"இதை வெட்டினது கத்தியா, சவர பிளேடா?"

"மெஷின்ல வெட்டி பையில அடைச்சு வருதுண்ணே. நான் பிரிச்சு வைக்கிறதோட சரி."

"சுவத்துல இருக்கறவரும் இவரும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களா?"

"அவர் பெரிய எடத்து மாப்பிள்ளை. இவர் நம்ம வீட்டுப் பிள்ளை" என்று அவள் சிரித்தாள். அடுத்து நின்றவருக்கும் சிரிப்பு வந்தது. மெக்கானிக்குக்கு வரவில்லை.

அந்தப் பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. தரைத்தளத்தில் இந்தக் கடை. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற கம்பெனி. தொடங்கிய காலத்தில் ரொட்டியை இங்கேயே சுட்டார்கள். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் அந்த வாசனையும் ஏறி எட்டாம் மாடி வரை போய் இறங்கும். முட்டையைக் கண் முன்னால் உடைத்து ஊற்றுவார்கள். கடித்தால் ஓரம் மொறுமொறுக்கும், நடுவில் பஞ்சாக இருக்கும். பிறகு என்ன ஆயிற்றோ, ரொட்டி பெட்டி பெட்டியாக உறைந்து வந்து இறங்கத் தொடங்கியது. சூடாக்கினால் வெளியே நாக்கு வேகும், நடுவில் பல் கூசும். முட்டை மஞ்சள் சதுரமாக, தரைக்கு ஒட்டுகிற அட்டை மாதிரி வந்தது. கோழி சாண்ட்விச்சில் கோழி இருந்ததற்கு அதன் பெயரைத் தவிர வேறு சாட்சி இல்லை. சுருங்கச் சுருங்க, அவருடைய பிரார்த்தனை சாண்ட்விச்சைவிட நீளமாகிவிட்டது.

வேறு கடைக்குப் போகலாமே என்பீர்கள். எதிர்ச்சாரியில் இன்னொரு கம்பெனியின் கடை இருந்தது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். மதியச் சாப்பாடு அவரவர் பாடு என்று எப்போதோ ஒப்பந்தமாகிவிட்டது.

ஆகையால் அவர் ஒன்று செய்தார். கடை வாசலில், இடுப்புயரக் கம்பத்தின்மேல் ஒரு பெட்டி இருந்தது. அதில் மூன்று முகப் பட்டன்கள்: சிரிக்கிற பச்சை, உம்மென்றிருக்கிற மஞ்சள், முறைக்கிற சிவப்பு. தினமும் சாப்பிட்டு முடித்து, தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, அவர் சிவப்பு முகத்தை அழுத்தினார். கோபத்தில் குத்தவில்லை. பொறுப்பாக, ஒரே ஒரு தடவை அழுத்தினார். அவர் தொழிலில் சிவப்பு விளக்குக்கு ஒரு மரியாதை உண்டு. பழுது இருந்தால் சிவப்பு எரியவேண்டும், மேலே இருப்பவர்கள் பார்க்கவேண்டும், சரி செய்யவேண்டும். சிவப்பை அணைத்துவிட்டு லிஃப்டை ஓட விடுகிறவன் கொலைகாரனுக்குச் சமம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர் அவர்.

அவர் அழுத்துவதை அவள் கவுன்டரிலிருந்து தினமும் பார்ப்பாள். ஒன்றும் சொன்னதில்லை. மறுநாள் வந்தால், "வாங்கண்ணே" என்று அதே முகத்தோடு சொல்லுவாள்.

ஒரு நாள் காலை, கட்டடத்தின் பின்பக்கச் சரக்கு லிஃப்ட் மக்கர் செய்தது. மெக்கானிக் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்து கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். காற்றுக்காகக் கீழ்க்கதவைச் சற்றே திறந்து வைத்திருந்தார். கதவுக்கு வெளியே கடையின் பின்வாசல், காலிப் பெட்டிகள், குப்பைத்தொட்டி. அங்கிருந்து பேச்சுக் குரல் ஏறி வந்தது. ஒன்று அவள் குரல். இன்னொன்று, மாதம் ஒருமுறை பளபளப்பான ஷூ போட்டுக்கொண்டு வருகிற ஏரியா மேனேஜருடையது.

"உன் ஷிப்டுல மட்டும் தினம் மத்தியானம் ஒரு சிவப்பு விழுதும்மா. மழை பெஞ்சாலும் விழுது, வெயிலடிச்சாலும் விழுது. யாரு அந்தப் புண்ணியவான்?"

மேலே புண்ணியவான் கையில் ஸ்பானர் அசையாமல் நின்றது.

"கூட்டத்துல யாருன்னு எப்படி சார் தெரியும்?" என்றாள் அவள்.

"யாருகிட்டயாவது மூஞ்சியக் காட்டறியா?"

"இல்ல சார். ரொட்டி அப்படி இருக்கு. அழுத்துறவங்க ஒண்ணும் பொய் சொல்லலையே."

"ரொட்டியைப் பத்தி யாரு கேட்டா? அது உனக்குப் போடற மார்க்கு. இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா ஊருக்கு வெளியில, ஹைவே கிளைக்கு, ராத்திரி ஷிப்டுக்கு உன்னை மாத்தணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

"சார், அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. ராத்திரிதான் எந்திரிச்சு கதவைத் திறந்துட்டுத் தெருவுல எறங்கிடறாரு. பகல்ல பக்கத்து வீட்டக்கா பாத்துக்கறாங்க. ராத்திரிக்கு நான்தானே இருக்கணும்?"

"அப்ப பச்சையா விழ வையி. சிரி. இன்னும் நல்லாச் சிரி."

ஷூச் சத்தம் போய்விட்டது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கீழே குதித்து 'நான்தான் தங்கச்சி' என்று சொல்லிவிடலாமா என்று மெக்கானிக் தவித்தார். மேனேஜர் காதில் விழுந்தால், தெரியாது என்று அவள் சொன்னது பொய்யாகிவிடும். கொல்லையில் திருடன் பதுங்குவதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மனைவி வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டு கதை முழுவதையும் கேட்டாள்.

"கம்பெனியை அடிக்கிறதா நெனச்சுக்கிட்டு அந்தப் பொண்ணை அடிச்சிருக்கீங்க" என்றாள்.

"எனக்கென்னடி தெரியும்? பழுதுன்னா சிவப்பு. உலகம் பூரா அதுதான் சட்டம்."

"எங்க வார்டு வாசல்லயும் அதே மூஞ்சிப் பெட்டி இருக்கு. ஃபேன் ஓடலைன்னா எனக்குச் சிவப்பு. டாக்டர் வரலைன்னா எனக்குச் சிவப்பு. நேத்து ஒருத்தர், கேன்டீன் காப்பி ஆறிப்போச்சுன்னு வந்து அழுத்திட்டுப் போறாரு. நான் காப்பியா போட்டேன்?"

"அதுக்காக நாளைக்குப் போய்ப் பச்சையை அழுத்தச் சொல்றியா? அந்த ரொட்டிக்கா? கடவுளுக்கு அடுக்குமா?"

"மூஞ்சிக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு என்னைக்காவது படிச்சீங்களா?"

எத்தனை பேர் ஏறலாம், எத்தனை எடை தாங்கும் என்று எழுதியிருக்கிற பலகையைப் படிக்காமல் லிஃப்டில் காலை வைக்கிறவர்களை அவர் எத்தனை தடவை திட்டியிருக்கிறார்!

"இல்லையா? நெனச்சேன்" என்றாள் மனைவி. "கால் துடைக்க அந்தத் துண்டை எடுங்க."

மறுநாள் சாப்பிடும் முன்பே பெட்டியின் முன் போய் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகங்களுக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்தது: 'இன்று எங்கள் ஊழியர் உங்களை எப்படிக் கவனித்துக்கொண்டார்?' ரொட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தக்காளியைப் பற்றி மூச்சே இல்லை.

திரும்பி வந்து வரிசையில் நின்றார். அன்றுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தார். எல்லாருடைய ரொட்டியையும் எடுத்த பிறகு, அவருடையதை மட்டும் சூட்டுப் பெட்டியில் இன்னும் கொஞ்சம் விட்டு வைத்தாள். ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகுதான் எடுத்தாள்.

"எதுக்கு தங்கச்சி என்னுது மட்டும் உள்ளயே இருக்கு?"

"உங்களுக்கு ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும்ல? முன்னெல்லாம் அப்படி இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. தினமும் அப்படித்தாண்ணே வைக்கிறேன். இந்த ரொட்டிக்கு அது எங்க வருது!"

அவர் கண்ணை மூடினார். அன்றைய பிரார்த்தனை வழக்கத்தைவிட நீண்டது. நன்றியோடு வேறு ஒன்றும் அதில் சேர்ந்துகொண்டது. சாப்பிட்டார். ரொட்டி ரப்பராகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும், கவனித்தால், ஒரு சின்ன மொறுமொறுப்பு. வாசலுக்குப் போனார். பழக்கத்தில் விரல் சிவப்புக்குப் போயிற்று. இழுத்துப் பிடித்துப் பச்சை முகத்தை அழுத்தினார்.

"அண்ணே, கை தவறிடுச்சா?" என்று கவுன்டரிலிருந்து குரல் வந்தது.

"இல்ல தங்கச்சி. இத்தனை நாளாத்தான் தவறிக்கிட்டு இருந்துச்சு."

அதோடு முடிந்திருந்தால் நல்லது. மாதக் கடைசியில் ஏரியா மேனேஜர் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார். சிவப்பு சுத்தமாக நின்றுவிட்டதாம். "பெட்டியில வர்ற புது ரொட்டி ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு! மேலே எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்" என்றார்.

மெக்கானிக்குக்குப் புரையேறியது. "என்னங்க இது அநியாயம்! இது ஊழியருக்குப் போடற மார்க்குதானே? சிவப்பு விழுந்தா அந்தப் பொண்ணு தலையில, பச்சை விழுந்தா ரொட்டி மடியிலயா?"

"சார் ரொம்ப தமாஷாப் பேசறீங்க. தினம் வருவீங்களா?" மேனேஜர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். "எங்க சாண்ட்விச்சைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

"சொல்றேன். மொதல்ல நீங்க சாப்பிடுங்க." அவர் சாண்ட்விச்சின் பெரிய பாதியை நீட்டினார். மேனேஜர் முகத்தில் சின்னத் திகில் ஓடியது. வீட்டுச் சாப்பாட்டுப் பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுக்க முடியாமல் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். மெக்கானிக் தண்ணீர்க் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "என்ன சார் செய்யறது? எனக்கு மேலயும் ஒருத்தர் கையில சிவப்பு இருக்கு."

பாவமாக இருந்தது மெக்கானிக்குக்கு. தன் பாதியை மென்றுகொண்டே கைபேசியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "இந்தத் தங்கச்சி கவனிப்புக்கு நூத்துக்கு நூறு. பச்சை அழுத்தினது அதுக்குத்தான். ரொட்டியா? வாயில வைக்க முடியலை. அதுக்கு ஒரு பட்டன் வைங்க. தினமும் வந்து அழுத்தறேன்."

மேனேஜர் தலையாட்டினார். அவளைக் கூப்பிட்டு, "உன் ஷிப்டு உனக்குத்தான்மா. எங்கேயும் போகவேண்டாம்" என்றார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடவுள் எந்தக் கதவைத் திறந்து உதவுவார் என்று யார் கண்டது? அவளுக்குக் குப்பைத்தொட்டிப் பக்கத்து லிஃப்ட் கதவைத் திறந்தார்.

ஆனால் அடுத்த வாரம் மெக்கானிக் கடைக்குள் நுழைந்தபோது, கவுன்டருக்கு மேலிருந்த திரையில் அவரே இருந்தார். மென்றுகொண்டிருந்தார். "நூத்துக்கு நூறு!" என்றார். மறுபடி மென்றார். மறுபடி "நூத்துக்கு நூறு!" என்றார். மற்றதெல்லாம் தக்காளியைப் போலவே மெலிந்து மறைந்துவிட்டது. அன்று ராத்திரி கைபேசியில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்துகொண்டது.

"அதை எடுக்கச் சொல்லு தங்கச்சி. மானம் போவுது" என்றார் மறுநாள்.

"சொல்லிட்டேண்ணே. மேலேருந்து வந்ததாம். எடுக்கக் கூடாதாம்."

அவர் புலம்பிக்கொண்டே தன் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் புதிதாக வந்த ஒருவர், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தன் சாண்ட்விச்சைத் திறந்து பார்த்தார்.

"சார், அது நீங்கதானே? இதுல தக்காளி எங்கே சார்?"

மெக்கானிக் அப்போதுதான் கண்ணை மூடித் திறந்திருந்தார். இன்னும் கடிக்கவில்லை. தன் ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார். இருந்தது. ஒன்று.

"இந்தாங்க, என்னுதை வச்சுக்கங்க. எனக்கு இது பழகிப்போச்சு."

அந்த ஆள் திகைத்து வாங்கிக்கொண்டார், சாப்பிட்டார், முகத்தைச் சுளித்தார், எழுந்து விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். பெட்டியின் முன் நின்று விரலை நீட்டினார். விரல் எந்த முகத்தை நோக்கிப் போகிறது என்பது மெக்கானிக்குக்கு முதுகைப் பார்த்தே தெரிந்தது. கவுன்டரில் அவள் கை துணியோடு நின்றது.

"ஐயா, ஒரு நிமிஷம்!" வாயில் ரொட்டியோடு அவர் கத்தினார். "மேலே எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு அழுத்துங்க!"

அந்த ஆள் குனிந்து படித்தார். திரும்பி அவளைப் பார்த்தார். அவள் சிரிக்க மறந்து நின்றாள். பச்சை முகம் 'டிங்' என்றது.

"சரி சார், அழுத்திட்டேன்" என்றார் அந்த ஆள், இன்னும் எரிச்சல் தீராமல். "ரொட்டிக்கு எங்கே அழுத்தறது?"

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள், தலைக்கு மேலே திரையில் அவரே மென்றுகொண்டே, "நூத்துக்கு நூறு!" என்றார்.