பன்னிரண்டாவது ஆள்

வெள்ளைத்துரை வரும்வரை அப்பாவைத் தூக்கக் கூடாது என்று சொல்லி, ஒச்சாயி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். இழவு வீட்டில் மகளைத் தாண்ட யாருக்கும் மனசு வரவில்லை. ஆகவே உள்ளே இருந்தவர்கள் உள்ளேயும் வெளியே இருந்தவர்கள் வெளியேயுமாகக் காரியம் அப்படியே நின்றது.

"அக்கா, மணி ரெண்டாச்சு," என்றான் தம்பி முத்திருளன். "நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டியாச்சு. பாடையும் கட்டியாச்சு. இந்த வெயில்ல எம்புட்டு நேரம் போட்டு வைக்கிறது?"

"வருவாரு."

"திருநகரு என்ன அடுத்த தெருவா? அங்கேருந்து நம்ம புதூருக்கு வர ரெண்டு பஸ்ஸு மாறணும்."

"காலையிலயே நீ போய்ச் சொன்னேல்ல? வாரேன்னாருல்ல?"

முத்திருளன் கொஞ்சம் தயங்கினான். "சாப்புட்டுட்டு வாரேன்னாரு."

கேட்டுக்கொண்டிருந்த அத்தை தங்கப்பொண்ணு ஒப்பாரியை நடுவில் நிறுத்தினாள். "நல்லா சாப்புடட்டும். எங்கண்ணன் நிதானமாத்தான் படுத்திருக்காரு. அவருக்கு என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழத் தொடங்கினாள்.

செத்துப்போன நல்லகாமன் மாட்டுத் தரகர். மாட்டுத்தாவணியில் துண்டை விரித்து, அதற்கடியில் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் திறக்காமலே ஒரு ஜோடி மாடு கைமாறியிருக்கும். ஆனால் ஹாக்கி என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் அதே வாயை மூட ஆள் கூப்பிட வேண்டும். அதுவும் எல்லா ஹாக்கியும் இல்லை. சுந்தரவேல் மில் டீம். அதிலும் அறுபதுகளில் ஆடிய அந்தப் பதினோரு பேர். பின்னால் வந்த பையன்களின் ஆட்டத்தை அவர் ஆட்டம் என்றே ஒத்துக்கொண்டதில்லை. "மட்டைய வச்சு வாசல் கூட்டுறானுக" என்பார்.

டீமை மில்லே கலைத்துவிட்டது. மனுஷன் கலைக்கவில்லை. கோல்கீப்பருக்குச் சர்க்கரை வியாதி, லெப்ட் அவுட் கருப்பு உசிலம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கிறான், சென்டர் ஹாப் மகள் பத்தாவது பாஸ் என்று, சொந்தத் தங்கச்சி வீட்டில் தெரியாததெல்லாம் அவருக்கு அங்கே தெரியும். ஆட்டக் காலத்தில் பாதி நேர இடைவேளைக்கு எலுமிச்சம்பழத்தை நறுக்கி, உப்புத் தடவி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவர். அதனால் அவர்கள் அவரைப் பன்னிரண்டாவது ஆள் என்பார்கள். அந்தப் பட்டத்தை அவர் வேறு எந்தப் பட்டத்துக்கும் மாற்றியிருக்க மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட நம்பாத மனுஷன், பதினோரு பேரை மட்டும் பல் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

அந்தப் பதினோரு பேரில் தலைமாடு சென்டர் பார்வர்டு வெள்ளைத்துரை.

அறுபத்தாறாம் வருஷம் பைனல். வெளியூர் மில் டீம் ஒன்று எதிரே. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. வெள்ளைத்துரை தூக்கத்தில் அடித்தாலும் உள்ளே போகிற பந்து, கம்பத்துக்கு வெளியே போனது. அவன் விற்றுவிட்டான் என்று ஊரே சொன்னது. நல்லகாமன் மட்டும் சொன்னார்: "தரை ஈரம். மட்டை வழுக்கிருச்சு." சித்திரை மாதத்துச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களோடு அவர் அப்புறம் பேசியதில்லை.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் அவருடைய மருமகன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே வீட்டில் ஒச்சாயியின் மகளுக்குக் காதுகுத்து. கறிச்சோற்றுப் பந்தி. பேச்சுவாக்கில் ஒச்சாயியின் புருஷன் சுருளி சிரித்துக்கொண்டே சொன்னான்: "அட போங்க மாமா. ஒங்க வெள்ளைத்துரை பந்தையா அடிச்சாரு, பையில இல்ல போட்டுக்கிட்டாரு." நல்லகாமன் எழுந்து வந்து, மருமகன் பிசைந்துகொண்டிருந்த இலையை இழுத்து மடித்துவிட்டார். "எந்திரிய்யா. என் வீட்டு எலையில உக்காந்து இந்தப் பேச்சா?" ஊர் பார்க்கக் கையில் சோறோடு எழுந்து போன சுருளி, அந்த வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. இன்றைக்கும் தெருமுனை டீக்கடையில்தான் நிற்கிறான். காலையிலிருந்து நாலு டீ ஆகிவிட்டது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் ஒச்சாயி. நல்லது கெட்டதுக்கெல்லாம் தனியாக வருவாள், தனியாகப் போவாள். மாமியார் பாத்திரம் கழுவும்போதெல்லாம், "மட்டை புடிச்சவனுக்காக மருமகன எழுப்புன வீடு" என்று ஆரம்பிப்பாள். ஒச்சாயி ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் சொல்வாள்: "மட்டை வழுக்கிருச்சு. அப்பா கண்ணால பாத்தவரு." பதினோரு வருஷம். அந்த மனுஷன் இன்றைக்கு வந்து அப்பாவுக்குத் தோள் கொடுத்துவிட்டால், தெருமுனையில் நிற்கிறவர் பார்ப்பார். அது போதும் அவளுக்கு.

அப்பாவே கேட்டதுதானே. வாதம் அடித்து வாய் கோணி, பேச்சு நின்று, பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். இடது கை மட்டும் அசைந்தது. முதல் நாளே ஒச்சாயி காதருகில் குனிந்து கேட்டாள்: "யாரப்பா பாக்கணும்? சித்தப்பாவையா?" கை அசையவில்லை. "எங்க வீட்டுக்காரரையா?" அப்பா அவள் விரல்கள் ஐந்தையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தார். வலி போலிருக்கிறது என்று தடவிக் கொடுத்தாள். "வெள்ளைத்துரை அண்ணனையா?" என்றதும் பிடி விட்டது. அவள் உள்ளங்கையில் விரலால் ஒரு வட்டம் போட்டார். மறுபடி போட்டார். நகம் கீறுகிற அளவுக்கு அழுத்திப் போட்டார். வட்டம் என்றால் பந்து. பந்து என்றால் வேறு யார்? உடனே ஆள் அனுப்பினாள். ஒன்பது நாளும் வருகிறேன் என்றே தகவல் வந்தது.

இரண்டரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த கிராப்பு, வெள்ளை பேண்ட், கையில் ஆளுயர ரோஜா மாலை. தெருவே எழுந்து வழி விட்டது. வெள்ளைத்துரை மாலையைப் போட்டுவிட்டுப் பிணத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுகை அவருக்கு உடனே வந்தது.

"எங்க டீமுல பன்னெண்டாவது ஆளும்மா ஒங்கப்பா," என்றார் சத்தமாக. "லெமன் நறுக்கிட்டு வருவாரு பாரு, அடடா."

ஒச்சாயி படியை விட்டு எழுந்தாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அவருக்கு வந்தது. அவள் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சுருளி பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வரணும்னுதான் இருந்தேன். ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை," என்றார் வெள்ளைத்துரை, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "போன மாசக் கடைசிலகூட வீட்டுக்கு வந்தாரு. என்ன கோவமோ, காப்பி போடச் சொல்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாரு."

"கோவமா? ஒங்க மேலயாண்ணே? அவருக்கா?"

"வயசாயிருச்சுல்ல," என்றார் அவர்.

அப்போதுதான் திருவாதவூரிலிருந்து காளை வந்து சேர்ந்தார். நல்லகாமனின் தொழில் கூட்டாளி. மாட்டுத் தரகருக்குக் காளை என்று பெயர். மாட்டுத்தாவணியில் விலை பேசப்படாத ஒரே காளை தான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். கூட்டாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நாற்காலியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஒச்சாயியை வீட்டின் பின்பக்கம், மாட்டுக் கொட்டத்துக்குக் கூட்டிப் போனார்.

"இந்தாள யாரு தாயி கூப்புட்டது?"

"அப்பாதான் சித்தப்பா. வாய் வரல, கையில பந்து போட்டுக் காமிச்சாரு."

"பந்தா? எப்படிப் போட்டாரு? போட்டுக் காட்டு."

கையை நீட்டி, வழக்கப்படி தோள்துண்டை எடுத்து மேலே போட்டார். துண்டுக்கடியில் ஒச்சாயி ஒரு வட்டம் போட்டாள். அழுத்திப் போட்டாள். காளை கண்ணை மூடிக்கொண்டார்.

"பந்து இல்ல ஆத்தா. சுழி."

"என்ன சுழி?"

"மாட்டு ஒடம்புல மயிர்ச்சுழி கெட்டிருந்தா நாங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற கைப்பேச்சு. கெட்ட சுழி, வெலையே கேக்காத, வெலகி வந்துருன்னு அர்த்தம்."

ஒச்சாயி கையை எடுக்கவில்லை.

"போன மாசக் கடைசில சீம்பால் குடுக்கப் போனோம் திருநகருக்கு, நானும் அவரும்," என்றார் காளை. "யாரோ சேக்காளிகூட உக்காந்து பேசிக்கிட்டிருந்தாரு இந்தாளு. எங்களப் பாத்தும் பேச்ச நிப்பாட்டல. 'இவரு நம்மாளுதான்'னுட்டு மேல பேசுறாரு. 'அந்த ஸ்ட்ரோக்க வெளிய அடிச்சதுக்குத்தான்யா அந்தப் பச்சை சைக்கிளு. அன்னைக்கு ஊருக்காகத் தரையில விழுந்து அழுதேன் பாரு, அதுக்குத் தனியா ஒரு கப்பு குடுத்திருக்கணும்'கிறாரு. சிரிப்பு வேற."

பச்சை சைக்கிள். பைனல் முடிந்த கையோடு வெள்ளைத்துரை அதை ஓட்டிவந்தபோது ஒச்சாயிக்குப் பதினேழு வயது. மில்லில் மனசறிந்து கொடுத்த சைக்கிள் என்று சொல்லி, அதன் ஹேண்டில் பாருக்கு அப்பா கதம்பம் சுற்றினார். அந்தக் கதம்பத்தைக் கட்டிக் கொடுத்தது அவள்தான்.

"ஒங்கப்பன் தூக்குவாளியக் கையிலேருந்து எறக்கவே இல்ல. அப்படியே திரும்பிட்டாரு. பஸ்ஸுல வாளி மடியில. பழங்காநத்தம் தாண்டினப்ப வாயத் தொறந்தாரு. 'காளை, மாப்ளய எலையிலேருந்து எழுப்பிட்டேன்டா'ன்னாரு. அம்புட்டுத்தான். நாலாம் நாள் விழுந்துட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, சித்தப்பா. நான் அந்த வீட்டுல பதினோரு வருசமா…"

"சுழி மாட்ட ஏமாந்து வாங்கிட்டேன்னு எந்தத் தரகன் தாயி வாய்விட்டுச் சொல்லுவான்?"

ஒச்சாயி துண்டுக்கடியில் அவருடைய விரல்கள் ஐந்தையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தாள். "இது என்ன?"

"முடிச்சுக்கோ. பேச்சு படிஞ்சிருச்சு, ஓட்டிட்டு வான்னு அர்த்தம். யாரச் சொன்னப்ப இப்படிப் புடிச்சாரு?"

அவள் துண்டை எடுத்து மடித்து, அவர் தோளில் போட்டாள்.

அதற்குள் வாசலில் பாடையில் வைத்தாகிவிட்டது. சங்கு ஊதிவிட்டார்கள். முன்பக்கம் வலது மூலையில் வெள்ளைத்துரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். "முன்னாடி நான்தான் புடிப்பேன். யாரும் எதுவும் சொல்லக் கூடாது," என்று ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லியாயிற்று. நாலு பேரும் குனிந்து தூக்கினார்கள். மற்ற மூன்று பேரும் அவர் காதளவுக்கு வந்தார்கள். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது.

"எறக்குங்க," என்றாள் ஒச்சாயி.

"தூக்கினத எறக்குறதாவது, என்னடி பேச்சு இது?" என்று தங்கப்பொண்ணு பதறினாள்.

"உயரம் ஒத்துவரல. அப்பா சரியுறாரு. ஆள மாத்துங்க."

"நான் குனிஞ்சு புடிச்சுக்கிறேன்மா," என்றார் வெள்ளைத்துரை.

"வேணாம் சார். எங்கப்பாவுக்காக நீங்க எதுக்குக் குனியணும்?"

காலையிலிருந்து அண்ணே, அண்ணே என்று காத்திருந்தவள் சார் என்றதை முத்திருளன் கவனித்தான். காளையும் கவனித்தார். வெள்ளைத்துரை கவனித்ததாகத் தெரியவில்லை. கம்பை விட்டு நகர்ந்து, அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேண்ட் பையில் விட்டுக்கொண்டார்.

ஒச்சாயி தலைவிரி கோலமாகவே தெருவில் நடந்தாள். பொம்பளை இப்படிப் போவது வழக்கமில்லை என்று யாரோ சொன்னார்கள். டீக்கடையில் சுருளி ஐந்தாவது டீயைக் கையில் வைத்திருந்தான்.

"வாங்க."

"எழுப்பி விட்டவரு கூப்புடாம நான் எப்படி வரது? அன்னைக்கே சொல்லிட்டேன்."

"கூப்புட்டாரு."

"வாயில்லாத மனுசன் எப்பக் கூப்புட்டாரு?"

"ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கே. எனக்குத்தான் வெளங்கல. நீங்க சொன்னதுதான் சரி."

"எது?"

"எல்லாம்."

சுருளி அவள் முகத்தைப் பார்த்தான். ஜெயித்தவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி அவன் முகம் இல்லை. டீயைப் பெஞ்சில் வைத்தான். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டே நடந்தான். காலியாக இருந்த மூலையில் போய் நின்றான். இந்தத் தடவை பாடை நேராக எழுந்தது.

சங்கும் கொட்டும் தெருவைத் தாண்டி, சத்தம் தேய்ந்து போனது. பெண்கள் வீடு கழுவக் குடங்களை எடுத்தார்கள். ஒச்சாயி உள்ளிருந்து தண்ணீரை வீசி ஊற்றி, விளக்குமாற்றால் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். உதிர்ந்த ரோஜா இதழும், பொரியும், எண்ணெய் பிசுக்குமாகத் தண்ணீர் கருத்து ஓடியது.

வெள்ளைத்துரை சுடுகாட்டுக்குப் போகவில்லை. தெரு பாதி போய்த் திரும்பி வந்திருந்தார். வெறுங்காலோடு வாசலோரம் குனிந்து எதையோ தேடினார்.

"ஷூவ இங்கதான் கழட்டினேன். வெள்ளை ஷூ."

அவை சுவரோரம் இருந்தன. ஒச்சாயி பார்த்தாள். அடுத்த குடத்தைச் சாய்த்தாள்.

"தள்ளி நில்லுங்க சார்," என்றாள். "தண்ணி வருது."