மூன்றாவது கம்பத்தில் இரண்டு புள்ளி

வெல்டிங்காரர் பெயர்ப்பலகையின் மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு மூடினார். செத்துப்போன தபால்காரனின் பெயர் தன்னையே முறைப்பது போலிருந்தது. பாலத்துக்கு அந்தப் பெயரை வைக்கச் சொல்லி மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய தபால்காரனின் மனைவி கடை வாசலில் நின்றிருந்தாள்.

"பேரு வெச்சா போனவன் வந்துடுவானா? பேசுவானுங்க, கைதட்டுவானுங்க, அவனவன் வீட்டுக்குப் போயிடுவானுங்க" என்றார் வெல்டிங்காரர்.

"வரமாட்டாருதான். ஆனா பலகைய நீங்கதான் பத்தவெக்கணும்னு அடம்பிடிச்சது நாந்தாண்ணே. அண்ணன் பத்தவெச்சா யானை கட்டி இழுத்தாலும் அசையாதும்பாரு."

தினமும் சைக்கிளை நிறுத்தி, "உங்களுக்கு இன்னிக்கும் லெட்டர் இல்லண்ணே, உங்க வாய்க்கு எவன் போடுவான்?" என்று சிரித்துவிட்டுப் போகிறவன் அந்தத் தபால்காரன்.

பாலத்துக் கைப்பிடிக் கம்பிகளைப் போட்டவர் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. கம்பத்தை முதலில் இரண்டு இடத்தில் மட்டும் புள்ளியாகப் பற்றவைத்து நிறுத்தி, நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுற்றிலும் முழுசாகப் பற்றவைப்பது வழக்கம். மூன்றாவது கம்பத்தில் புள்ளி வைத்ததோடு கரண்ட் போய்விட்டது. மறுநாள் அவர் வருவதற்குள் பெயின்டர் முந்திக்கொண்டு பச்சையடித்துவிட்டான். சுரண்டினால் அவனோடு மல்லுக்கட்ட வேண்டும். 'தாங்கும் போ' என்று சாமான்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வருஷம் தாங்கவும் செய்தது. லாரிக்கு ஒதுங்கித் தபால்காரன் சைக்கிளோடு அந்தக் கம்பத்தில் சாய்ந்த அன்று தாங்கவில்லை. லாரி இடித்துக் கம்பி பெயர்ந்தது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அந்த லாரியும் அகப்படவில்லை. எவன் எதை எழுதினாலும் நம்பாத மனுஷன், அதை மட்டும் நம்பினாற்போல இருந்துகொண்டார்.

மறுநாள் காலை பாலத்தில் வெயில் ஏறியிருந்தது. அவள் பலகையைத் தாங்கிப் பிடித்தாள். அவர் நான்கு மூலையிலும் முழுசாகப் பற்றவைத்தார். பிறகும் கை நிற்கவில்லை. வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தார்.

"போதும்ணே, இனிமே பாலமே விழுந்தாலும் பலகை நிக்கும்" என்று சிரித்தபடி அவள் கைப்பிடியில் சாயப் போனாள்.

"சாயாத!"

அலறலில் அவள் சட்டென்று விலகினாள். சாயப் போன கம்பத்தைப் பார்த்தாள். அடியில் விரல் பருமனுக்குச் சுற்றிலும் வெல்டிங். அடுத்த கம்பத்தில் குனிந்து பார்த்தாள். அங்கே நூல் மாதிரிதான் இருந்தது. மறுபடி மூன்றாவது கம்பத்துக்கு வந்து, அந்தத் தடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள்.

"இது மட்டும் ஏண்ணே இவ்ளோ தடிமனா இருக்கு?"

"அது... அப்புறம் வெச்சது."

"அப்புறம்னா? அதுக்கு முன்னாடி?"

வெல்டிங்காரர் தூக்கியிருந்த முகக்கவசத்தை மறுபடி இறக்கிக்கொண்டார். பொறி பறக்கும்போது மட்டும்தான் அந்தக் கண்ணாடி வழியே எதுவும் தெரியும். வெல்டிங் குச்சி எரிந்து தீர்ந்திருந்தது. இருட்டுக்குள்ளிருந்து, கம்பத்தின் மேல் அவள் விரல் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார்.