தங்க கவுன் ரெக்கார்டு

சூர்யநாராயணன் தன் அலமாரியிலிருந்து விற்க ஒப்புக்கொண்டது ஒரே ஒரு ரெக்கார்டைத்தான். வெர்னா டேல் என்ற அமெரிக்கப் பாடகி, உலகமே டிஸ்கோ ஆடிக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசியில் போட்டது. அட்டையில் தங்க நிற கவுனில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அதற்கு முன் அவள் பாடியதெல்லாம் சோல் பாட்டு. சர்ச்சில் பழகிய குரல். துக்கத்தை அடிவயிற்றிலிருந்து எடுத்து மெல்ல மெல்லப் பாடுவாள். அந்த ரெக்கார்டுகளை அவர் சாமி படம்போல வைத்திருந்தார். இதை மட்டும் அடித்தட்டில் கடைசியாகச் செருகியிருந்தார். "இதுல குரலையே வித்துட்டா" என்பார்.

மனைவி வைஜயந்தி மறுத்துப் பேசியதில்லை. அந்த அலமாரி அவருடைய ராஜ்யம். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் ஒரு ரெக்கார்டை விரல் படும்படி எடுத்துவிட்டாள். அவர் திட்டவில்லை. வாங்கி, துணியால் துடைத்து, உறையில் போட்டு வைத்தார். திட்டியிருந்தால் அவள் மறந்திருப்பாள்.

வாங்குவதற்கு ராஜஸ்ரீ ஞாயிற்றுக்கிழமை காலையில் பாணேரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும் மராட்டியப் பெண், டிஸ்கோ ரெக்கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவள்.

"ஒரு பக்கம் ஒரே தடவை கேட்டேன். அப்புறம் தொடவே இல்லை. புதுசு மாதிரி இருக்கும்" என்று சூர்யநாராயணன் இந்தியில் அடித்துச் சொன்னார்.

ராஜஸ்ரீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். போட்டுக் கேட்கலாமா என்றாள். முள் இறங்கியதும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரே சத்தம். இரண்டாவது பாட்டில் முள் தாவியது.

"காகா, இது ரொம்ப ஓடின ரெக்கார்டு" என்றாள் அவள். சித்தப்பா என்று கூப்பிட்ட குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை.

அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ராணுவக் கணக்கு ஆபீசில் காலம் முழுக்க வேலை பார்த்து, ஒரு சொல் பிசகாமல் ஓய்வு பெற்றவர். "இருக்காது... நான் தொடவே இல்லை..." என்று சுழலும் ரெக்கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவல் போஹா தட்டுகளோடு சமையலறை வாசலுக்கு வந்த வைஜயந்தி இதைப் பார்த்தாள். தான் வாயைத் திறக்காவிட்டால் அவர் பொய்யராகிவிடுவார் என்று புரிந்தது.

"ஏன்னா, நான்தான் போட்டேன்" என்றாள்.

அவர் திரும்பினார்.

"நீங்க ஜபல்பூர்ல இருந்தேளே, அந்த ரெண்டு வருஷம். ஸ்கூல்ல பாடம் எடுத்துட்டு வருவேன். குழந்தை சஹானா தூங்கிண்டிருப்பா. ஜன்னலைச் சாத்திண்டு இதைப் போட்டு ஆடுவேன்."

"ஆடுவியா?"

"ஆடுவேன்."

பிறகு அதையே ராஜஸ்ரீயிடம் இந்தியில் சொன்னாள். ஆடியதையும் விடவில்லை. ராஜஸ்ரீ சிரித்துவிட்டாள். ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டு, அவரிடம் கொடுக்காமல் வைஜயந்தியிடம் கொடுத்தாள். "காகூ, இதை விக்காதீங்க" என்றாள். போஹாவைச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போனாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். மோர் சாதத்தைப் பிசைந்தபடி சூர்யநாராயணன் கேட்டார்: "அத்தனை இருக்கறச்சே எதுக்கு இதைப் போய் எடுத்தே?"

"மத்ததெல்லாம் உங்களோடது. கீறல் விழுந்தா உங்க முகம் எப்படிப் போகும்னு தெரியும். இது யாருக்கும் வேண்டாததுதானேன்னு எடுத்தேன். அப்புறம் பிடிச்சுப்போச்சு."

"இதுல அவ எங்கே பாடறா? தாளத்துக்குப் பின்னாடி ஓடறா."

"ஓடலை. அத்தனை வருஷம் அழுதவ, ஒருநாள் சந்தோஷமா இருக்கா. அழறச்சே கேட்டவாளுக்கு அது பொறுக்கலை."

அவர் எழுந்தார். கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கை அலம்பிக்கொண்டு வந்தவர், ரெக்கார்டு பிளேயரின் மூடியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் அதைத் தொட்டதே இல்லை. முள்ளை இறக்கினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் எழுந்தார். போதும் என்று போகப்போகிறார் என வைஜயந்தி நினைத்தாள். அவர் போய் பால்கனிக் கதவைச் சாத்தினார்; பக்கத்துக் கட்டடத்தில் டிரில்லிங் சத்தம். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இந்த இடத்துல மூச்சே விடாம எவ்வளவு நீளமா இழுக்கறா பாரு" என்றார் கொஞ்சம் கழித்து.

"தெரியும்" என்றாள் அவள்.