மருமகள் வெளியேறிய வெள்ளிக்கிழமை

அந்த அலுவலகத்தில் மருமகளுக்கு வயது ஐம்பத்து நான்கு. நரைத்த மீசை, லேசான தொந்தி, இடது முழங்காலில் மூட்டுவலி. மாமியாருக்கு வயது இருபத்தேழு, இன்னும் கல்யாணமே ஆகவில்லை. தினமும் மாலை ஏழரைக்கு ஓடும் தொலைக்காட்சித் தொடரில் மருமகளின் வசனங்களை அவர் எழுதினார். மாமியாரின் வசனங்களை அந்தப் பெண் எழுதினாள். டீ கொண்டுவருகிறவர் முதல் டைரக்டர் வரை எல்லோரும் அவர்களை அப்படியே கூப்பிட்டுப் பழகி, கடைசியில் அவர்களுக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது.

"அத்தை, சாப்பிடலாமா?" என்று மீசைக்காரர் கேட்பார்.

"நீ போய்க் கையக் கழுவு மருமகளே, இதோ வரேன்" என்று அவள் சொல்வாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இரண்டு நாளைக்குத் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒரே ஆள் இரண்டு பக்கமும் எழுதினால் சண்டை சப்பென்று போய்விடும் என்பது டைரக்டரின் கட்சி. "நீயே அடிச்சு நீயே தடுத்தா யாருக்குய்யா வலிக்கும்?" என்பார். அதனால் இருவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஒருவர் ஒரு வசனத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி எதிர்ப்பக்கம் தள்ளுவார். மற்றவர் அதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் பதில் எழுதித் தள்ள வேண்டும். முட்டை வேகவைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் டைமர் ஒன்று நடுவில் டிக் டிக்கென்று ஓடும். மணி அடித்தும் பதில் வராவிட்டால் அந்தப் பாத்திரம் அந்தச் சண்டையில் தோற்றது என்று அர்த்தம். அடுத்த வாரம் அதை நடிகைகள் கண்ணீரும் கம்பலையுமாக நடித்துக் கொடுப்பார்கள்.

இருவரிடமும் ஆளுக்கொரு நோட்டு உண்டு. எதிராளி எதைச் சொன்னால் கொதிப்பாள், எதைச் சொன்னால் உருகுவாள், எதைச் சொன்னால் ஒடிந்துபோவாள் என்று அதில் குறித்து வைத்துக்கொள்வார்கள். சத்தம் போடுவதற்குத் தொண்டை போதும். ஜெயிப்பதற்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிய வேண்டும். நாலு வருஷத்தில் மருமகள்காரர் இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தார். மாமியாருக்கு வலிக்கும் இடம் எதுவோ, அதுதான் அதை எழுதுகிறவளுக்கும் வலிக்கும் இடம். பாவம், வேறு எங்கிருந்து எடுத்து எழுதுவாள்? தனக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்பது மட்டும் அந்த மனுஷனுக்குத் தோன்றவேயில்லை. மீசை மறைத்துவிட்டது போல.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் திங்கட்கிழமை ஒரு கல் விழுந்தது. தயாரிப்பு மேனேஜர் வந்து, தொடரை அரை மணியிலிருந்து கால் மணியாகக் குறைக்கிறார்கள் என்றார். பார்க்கிற எதையும் வெட்டிச் சுருக்குகிறவர் என்பதால் அவருக்குக் கத்திரி என்று பெயர்.

"கால் மணி நேரத்துல ரெண்டு பேரு சண்டை போட முடியாது. ஒருத்தி வீட்ட விட்டு வெளிய போகணும். வெள்ளிக்கிழமை மேஜையில யாரு தோக்கறாங்களோ அவங்க போறாங்க. பாத்திரமும் போகும், எழுதறவங்களும் போகணும். டைரக்டர் சொல்லிட்டார்."

சொல்லிவிட்டுக் கத்திரி அடுத்த அறைக்கு எதையோ வெட்டப் போய்விட்டார்.

மருமகள்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தத் தொடருக்கு முன்னால் அவர் இருமல் மருந்து விளம்பரத்துக்கு இரண்டு வரி எழுதியவர். அதற்கு முன்னால் அதுவும் கிடையாது. ஐம்பத்து நாலு வயதில், நரைத்த மீசையோடு ஒரு மருமகள் வெளியே போனால் யார் வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள்? அன்றைக்கு மதியம் இருவரும் சாப்பாட்டு டப்பாவை எதிரெதிரே திறந்து வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

"தண்ணி வேணுமா சார்?" என்று அவள் கேட்டாள்.

"வேண்டாங்க" என்றார் அவர்.

அத்தையும் மருமகளும் காணாமல் போய், சாரும் வாங்க போங்கவும் வந்து உட்கார்ந்துகொண்டதில் இருவருக்குமே சங்கடமாக இருந்தது.

அன்று மாலை அவர் தன் நோட்டைப் புரட்டினார். போன வருஷம் ஒரு மதியச் சாப்பாட்டின்போது அவள் பேச்சுவாக்கில் சொன்ன விஷயம் ஒரு பக்கத்தில் இருந்தது. அவளுடைய அம்மா கோபம் வந்தால் திட்ட மாட்டாள், அடிக்க மாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். ஒரு தடவை பதினொரு நாள். ஏழு வயதுப் பெண் அம்மாவின் பின்னாலேயே அறை அறையாகப் போய், கதை சொல்லி, பாட்டுப் பாடி, கடைசியில் செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். "இப்பவும் யாராச்சும் ஒரு நிமிஷம் பேசாம இருந்தா எனக்குக் கை காலெல்லாம் உதறும் மருமகளே" என்று சிரித்தாள். அவரும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் நோட்டில் குறித்துக்கொண்டார். 'மௌனம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு.

அப்போது அவரும் பதிலுக்கு ஒன்று சொன்னார்தான். "என் பொண்ணு வேற ஊருல வேலைக்குப் போறேன்னா. வேண்டாம்னேன். கேக்காம போனா. மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசலியே நானு!" என்று ஏதோ மலையைத் தூக்கியவர் மாதிரி பெருமையாகச் சொன்னார். உண்மையில் அவர் மனைவி மகளோடு போனில் பேசும்போதெல்லாம் வேண்டுமென்றே கத்திப் பேசுவாள். இவர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, செய்தி பார்ப்பது போல உட்கார்ந்திருப்பார். இந்தப் பகுதியை அவர் அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேஜையைச் சுற்றிக் கூட்டம். மேக்கப் போடுகிற அம்மா, லைட் தூக்குகிறவர்கள், கணக்கர் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். கத்திரி டைமரைத் திருகி வைத்தார்.

முதல் சீட்டு மாமியாரிடமிருந்து வந்தது. 'என் புள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சுட்டியேடி!'

அவர் ஒரு நிமிடத்தில் பதில் தள்ளினார். 'பிரிக்கறதுக்கு அவரு என்ன ஒட்டவெச்ச கவரா அத்தை? நாப்பது வயசு. நடந்து வந்தாரு.'

கூட்டம் சிரித்தது. 'சிரிச்சுப் பேசியே இந்த வீட்டச் சுரண்டிட்டே' என்று வந்தது. 'அழுதழுதே நீங்க கட்டி வெச்ச வீடாச்சே, ஈரமாத்தான் இருந்துச்சு. சுரண்டறது சுலபம்' என்று போனது. இப்படி முக்கால் மணி நேரம் இருவரும் சளைக்காமல் அடித்துக்கொண்டார்கள். மேக்கப் அம்மா வசனத்துக்கு வசனம் கட்சி மாறினார்.

பிறகு அவர் ஒரு சீட்டை எடுத்து, அதில் எதுவும் எழுதாமல், அப்படியே எதிர்ப்பக்கம் தள்ளினார்.

அவள் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை.

"என்ன சார் இது, வெறும் பேப்பரு?" என்றார் கத்திரி.

"வெறும் பேப்பர் இல்ல. மருமக ஒண்ணும் பேசாம அத்தையவே பாத்துட்டு நிக்கறா."

"பேசாம நிக்கறதுக்கு வசனகர்த்தா எதுக்கு?"

"அதுக்குத்தான்யா வேணும். பேசறதுக்கு வாயி போதும்."

கத்திரி டைமரைத் திருகினார். அவள் எழுதினாள். 'என்னடி முறைக்கறே?' அவர் இன்னொரு வெற்றுச் சீட்டைத் தள்ளினார். 'வாயில என்ன கொழுக்கட்டையா?' வெற்றுச் சீட்டு. 'சரி, நான் பேசினது தப்புன்னே வெச்சுக்கோ.' வெற்றுச் சீட்டு. நாலாவது சீட்டில் அவளுடைய எழுத்து கோணிக்கொண்டு போனது. 'ஏதாச்சும் பேசேன்டி. திட்டவாச்சும் செய்யேன்.'

ஊரையே அழவைத்த மாமியார் அவர் கண் முன்னால் ஏழு வயதுப் பிள்ளையாகிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வேலை தங்கிவிடும் என்ற சந்தோஷம் அந்த வெட்கத்தின் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு நின்றது. அவர் அடுத்த வெற்றுச் சீட்டையும் தள்ளினார்.

அவள் அதைத் தொடவில்லை. முதல் முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. பிறகு தன் நோட்டைத் திறந்து, ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்து மூடிவிட்டு, வேகமாக எழுதித் தள்ளினாள்.

'உங்கப்பன் புத்தி அப்படியே வந்திருக்குடி உனக்கு. நாலு வருஷமா அந்தாளு இந்த வாசப்படிய மிதிக்கல. பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசல. ஏன்னு என்னைக்காச்சும் கேட்டியா?'

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

அது நிஜம். நாலு வருஷமாக அந்த மருமகளின் அப்பா கதைக்குள் வரவேயில்லை. டைரக்டர் இரண்டு தடவை கேட்டார். வயசான நடிகர் கிடைப்பது கஷ்டம் என்று அவர்தான் ஏதேதோ சாக்குச் சொன்னார். அதை அவள் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறாள். நோட்டு அவரிடம் மட்டுமா இருக்கிறது?

வெற்றுச் சீட்டை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். இதற்கு மௌனமாக நின்றால், ஆமாம், அப்பன் புத்திதான் என்று மருமகளே ஒப்புக்கொண்டது போலாகும். பேனாவை எடுத்தார். 'எங்கப்பா தங்கமான மனுஷன்' என்று எழுதி அடித்தார். 'அவருக்கு என்மேல கோபம்' என்று எழுதி அதையும் அடித்தார். கோபமெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. பிறகு பேச்சை ஆரம்பிக்கத் தெரியாமல் இருந்தார், அவ்வளவுதான். ஆனால் இது அவருடைய பதில். சீட்டில் எழுத வேண்டியது மகளின் பதில். ஆயிரத்துச் சொச்சம் எபிசோடுக்கு ஒரு பெண்ணின் வாயாகவே இருந்த மனுஷனுக்கு, சொந்தப் பெண் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வாள் என்று ஒரு வரிகூடத் தெரியவில்லை. அது அவருக்குப் பளாரென்று அறை வாங்கியது போல வலித்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு" என்றார் கத்திரி.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சார், டைமர் ஓடுது" என்றாள் அவள்.

"ஓடட்டும் அத்தை. அந்த வெத்துச் சீட்டெல்லாம் நான் எழுதியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

"நானும் இத எழுதியிருக்கக் கூடாது."

"இல்ல, நீ நல்லாத்தான் எழுதியிருக்கே. பதில்தான் என்கிட்ட இல்ல. இருக்கற எடத்துல கேட்டுட்டு வரேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டே வெளியே போய் மாடிப்படியில் நின்றார். மகளின் நம்பரைப் போனிலிருந்து அழித்துவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். அழித்தது உண்மைதான். மனப்பாடமாக இருப்பதைப் பற்றி மனைவி கேட்கவில்லை. பத்து எண்களையும் தடுமாறாமல் அழுத்தினார்.

"அப்பாவா?" என்றது போன். உடனே பதறியது. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா. நல்லா சத்தமா இருக்கா."

"அப்புறம் எதுக்கு..."

"ஒரு வசனம் கேக்கணும்."

அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அதற்குள் அவருக்கு உள்ளங்கை வேர்த்து, கால் உதறி, செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் போலிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவருக்குச் சரியாகப் புரிந்தது.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன். என்ன வசனம்?"

"மாமியார் கேக்கறா. உங்கப்பன் இத்தனை வருஷமா ஏன் உன்கிட்ட பேசலேன்னு. அதுக்கு... அதுக்கு மருமக என்ன சொல்லுவா?"

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அதுக்கு எத்தனை பக்கம் குடுப்பீங்க?"

"எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ."

உள்ளே டைமர் கிணுகிணுவென்று அடித்து ஓய்ந்தது. கதவைத் திறந்துகொண்டு கத்திரி தலையை நீட்டினார்.

"சார், டைம் முடிஞ்சுது. மருமக வீட்ட விட்டு வெளிய போறாங்க. டைரக்டர்கிட்ட சொல்லிடட்டுமா?"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சொல்லுய்யா, சொல்லிட்டுக் கதவச் சாத்து. சத்தமா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலை போனது உறைக்கச் சாயங்காலம் ஆகலாம், அதற்கு இப்போது நேரமில்லை.

"இருக்கேம்மா. நீ சொல்லு."

"முதல்ல ஒண்ணு கேக்கறேன். நான் ஊருக்குப் போன அன்னைக்கு, வழியனுப்ப வரமாட்டேன்னு வீராப்பாச் சொல்லிட்டு, ஸ்டேஷனுக்கு வந்து தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னீங்களே. நான் பாக்கலேன்னா நெனச்சீங்க?"

எவ்வளவோ சண்டைக்குச் சுடச்சுடப் பதில் எழுதிய கை, மீசையைத் தடவிக்கொண்டது.

"தூண் கொஞ்சம் ஒல்லிம்மா" என்றார்.

அந்தப் பக்கம் மகள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் போலிருந்தது.