போதும் என்ற கை

அன்று அவள் "போதும்" என்று வாய்விட்டுச் சொன்னாளா, சொன்னதாகப் பிறகு மனம் சேர்த்துக்கொண்டதா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. இதைச் சொல்லும்போது பல இடங்களில் நினைவு வழுக்குகிறது. வெளியே வெயிலா தூறலா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவளுடைய வலது கை எழுந்தது. அது மட்டும் நிச்சயம்.

வீடு கட்டுகிறவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடை அது. அவள் கல்லாவில் இருந்தாள். ஆசிட் வாங்க யார் வந்தாலும் அடையாள அட்டையைப் பார்த்த பிறகுதான் விற்க வேண்டும் என்பது கடையின் விதி. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவனுக்கு விற்று, கடையைச் சில நாள் பூட்டிவைக்க நேர்ந்த பிறகு வந்த விதி அது. மேலாளர் அந்த விதியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். அவருக்குக் கடையில் பெயரே 'ரூல்ஸ்'தான். "நரைச்சிருந்தாலும் சரி, பல்லு கொட்டியிருந்தாலும் சரி, கார்டைப் பாரு" என்பார்.

அன்று வந்தவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். தரையில் காய்ந்துபோன சிமெண்டுக் கறையை எடுக்க ஆசிட் வேண்டும். முழங்கால் இரண்டிலும் வெள்ளைப் பொடி.

"ஏம்மா, நான் பேரன் எடுத்தவன். என்னைப் பாத்தா பால் வடியிற மூஞ்சியாவா தெரியுது?"

"என்னண்ணே பண்றது, ரூல்ஸ் அங்கயிருந்து பாத்துக்கிட்டே இருக்காரு."

அவர் சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். அவள் பிறந்த வருடத்தைப் பார்த்தாள். கை எழுந்தது. அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் சீருடையில் நின்றிருந்தார். தன் வீட்டுக்குக் குழாய் வாங்க வந்தவர்.

"யோவ், அந்தக் கார்டைக் குடு."

"காட்டிட்டேனே சார்."

"எனக்குக் காட்டலியே."

"உங்ககிட்ட நான் ஒண்ணும் வாங்கலியே சார்."

துடுக்காகச் சொல்லவில்லை. கணக்கு சரிதானே என்பதுபோல்தான் சொன்னார். ஆனால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. போலீஸ்காரரின் முகம் கறுத்தது. அடுத்த கணம் டைல்ஸ்காரரின் கை முதுகுப் பக்கம் முறுக்கப்பட்டு, மேசை விளிம்பில் மோதியது. மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. காய்ந்த குச்சி ஒடிந்ததுபோல இருந்தது. ஆசிட் பாட்டில் வைத்த இடத்திலேயே நின்றது.

டைல்ஸ்காரர்மேல் வழக்குப் போட்டார்கள். கடைப்பெண் கேட்டும் அட்டையைத் தர மறுத்தார், தகராறு செய்தார், தட்டிக்கேட்ட காவலரைத் தாக்கினார் என்று மூன்று குற்றச்சாட்டுகள். பின்னிரண்டும் முதலாவதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கின. அவள் பார்த்து முடித்துவிட்டாள் என்றால் போலீஸ்காரருக்கு அங்கே வேலையே இல்லை. முடிக்கவில்லை என்றால் அந்த மனிதருக்குச் சிறை.

கடையில் கேமரா இருந்தது. முதலாளிக்கு வாங்க வருகிறவர்களைவிட வேலை செய்கிறவர்கள்மேல்தான் சந்தேகம் அதிகம். ஆகையால் அது கல்லாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சு பதியாது. மங்கலான படத்தில் அவள் கை எழுந்து, விரிந்து, நிற்கிறது. கேட்டு நீட்டிய கையா, வேண்டாம் என்ற கையா, எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம்.

சாட்சி சொல்ல அழைப்பு வந்த வாரம் போலீஸ்காரர் கடைக்கு வந்தார். குழாய்க்கு வாஷர் கேட்டார்.

"தங்கச்சி, பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம். அவன் தூரத்துல ஆட்டிட்டுப் பையில போட்டுட்டான். நீ கையை நீட்டின, அவன் குடுக்கல. அவ்வளவுதான்." வாஷரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் வேன் நாலு ரோடு வழியாத்தானே தினம் போகுது? நல்ல மனுஷன். பாத்துப் போகச் சொல்லு."

அவர் போனார். ரூல்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். வாஷர் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தான். முதலில் வீடு வந்தவர் பரிமாற வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு.

"ஊர் வம்பை விலைக்கு வாங்காத. ஞாபகமில்லன்னு சொல்லிட்டு வந்துடு. வண்டியை நம்பித்தான் அடுப்பு எரியுது."

"ஞாபகம் இருக்கே."

"போதும்னு சொன்னியா, அப்ப?"

"சொன்னேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறேன்னா வக்கீல் உன்னை உரிச்சு உப்புத் தடவிடுவான்."

இன்னொரு கரண்டி தட்டில் விழுந்தது.

"போதும்னேனே."

"எங்க சொன்ன? எனக்குக் கேக்கல."

இருவரும் ஒரே நேரத்தில் அவள் கையைப் பார்த்தார்கள். அது தட்டுக்கு மேல் விரிந்து நின்றிருந்தது. ஆறிப்போனதைச் சாப்பிட்டு முடித்தார்கள். அவன் பாத்திரங்களைக் கழுவினான். அவள் துடைத்து அடுக்கினாள்.

நீதிமன்ற அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. டைல்ஸ்காரர் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது.

"அட்டையைப் பார்த்தீங்களா?" என்றார் நீதிபதி.

"பாத்தேங்க. வருஷத்தைப் படிச்சேன். வேலை முடிஞ்சுது."

அரசு வக்கீல் எழுந்தார். "முடிஞ்சுதுன்னா ஏம்மா கையை நீட்டினீங்க?"

"போதும்னுதாங்க."

"போதும்னு சொன்னதை அங்க ஒருத்தர்கூடக் கேக்கலியே. வாயால சொன்னீங்களா?"

ஆமாம் என்று ஒரே வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அவள் அந்த நாளுக்குள் திரும்பிப்போய்த் தன் குரலைத் தேடினாள். மின்விசிறிதான் கேட்டது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"வாயால சொன்னேனான்னு எனக்கே தெரியலைங்க. கை சொல்லிச்சு. அவர் புரிஞ்சுக்கிட்டு உள்ள வெச்சாரு."

"கை சொல்லிச்சாம்!" என்று வக்கீல் நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "வீட்லயும் அப்படித்தாங்க. கையைத்தான் காட்டுவா. நான்தான் கவனிக்காம போட்டுக்கிட்டே இருப்பேன்."

சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "யாரது?"

"இவ வீட்டுக்காரனுங்க. வேன் ஓட்றேன்."

வேன் என்பதை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சுவரோரம் நின்றிருந்த போலீஸ்காரர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். அவன் பார்வையைத் தாழ்த்தவில்லை. நடுவில் பேசக்கூடாது என்று நீதிபதி அவனைக் கண்டித்து உட்காரச் சொன்னார். பிறகு அவளிடம், "கடையில கையை எப்படி வெச்சீங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றார்.

அவள் செய்தாள். அந்தக் கையை அறை முழுவதும் பார்த்தது.

அட்டையை அவள் பார்த்து முடித்துவிட்டாள் என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டைல்ஸ்காரரின் மணிக்கட்டு கூடியது, ஆனால் முன்போல் மடங்கவில்லை. தரையில் கை ஊன்ற முடியாததால் அந்த வேலையை விட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் ஒட்டுகிறார். போலீஸ்காரரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி. அவருடைய கூட்டாளிகள் நாலு ரோட்டில் வேனை அடிக்கடி நிறுத்தினார்கள். கணவன் இப்போது சுற்றுவழியில் போகிறான். வீட்டுக்கு வர நேரமாகிறது. ரூல்ஸ் கல்லாவுக்கு மேலே 'அட்டையைக் காட்டினால் போதும்' என்று பலகை மாட்டி, 'போதும்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். அவள் அதே கல்லாவில் இருக்கிறாள். இப்போதெல்லாம் அந்த வார்த்தையைக் கடை முழுவதும் கேட்கும்படி சொல்கிறாள். வரிசையில் சிரித்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.